உக்காராதே டாக்ஸி

தன் டாக்ஸியில் யாருமே உட்காரக் கூடாது என்று நினைத்த டாக்ஸிக்காரர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருவண்ணாமலையில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் 'உக்காராதே'. "உக்காராதே வண்டி ஸ்டாண்டுல நிக்குதா?", "உக்காராதே வீட்ல தண்ணி வந்துச்சா?" என்று தெருவே சர்வசாதாரணமாகப் பேசும். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு எதிரில் மற்ற டிரைவர்கள் ஆளைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்குவார்கள். இவர் ஓடிப்போய்ப் பின்கதவை மறைத்துக்கொண்டு நிற்பார்.

வண்டி, மூக்கு நீண்ட பழைய இங்கிலீஷ் கார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் பல வருஷம் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது இவருக்கு விற்றுவிட்டுப் போனது. வெளியே பச்சை பெயிண்ட் உரிந்து கிடக்கும். ஒரு ஹெட்லைட் ரோட்டையும் இன்னொன்று மலையையும் பார்க்கும். கதவைத் திறந்தால் வேறு உலகம். மாதுளம்பழத் தோலின் நிறத்தில் அசல் தோல் சீட். கை வைத்தால் சில்லென்று இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் அந்தப் பள்ளம் பெருமூச்சு விடுகிற மாதிரி மெதுவாக நிரம்பும். பள்ளம் முழுசாக நிரம்புகிற வரை அவர் அடுத்த சவாரியை ஏற்றமாட்டார்.

தோளில் எப்போதும் இரண்டு துணிகள் தொங்கும். இடது பக்கம் ஈரத்துணி, வலது பக்கம் உலர்ந்த துணி. கை சும்மா இருக்காது, கால் சும்மா இருக்காது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, "கொஞ்சம் நவுருங்க" என்று சவாரியை ஓரங்கட்டிவிட்டுத் துடைப்பார். அவர் மட்டும் டிரைவர் சீட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்து ஓட்டுவார்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற பழக்கம் உண்டு. அவர் வண்டியில் ஏறத் தகுதியில்லாதவர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பின்பாக்கெட்டில் சாவி வைத்திருப்பவர்கள். பெல்ட் போட்ட போலீஸ்காரர்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள். ஈர வேட்டிக்காரர்கள். கையில் முறுக்கு வைத்திருக்கும் குழந்தைகள். கையில் முறுக்கு இல்லாவிட்டாலும் வழியில் கேட்கும் போலிருக்கும் குழந்தைகள். மிச்சம் யாராவது இருந்தால் ஏறலாம்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, மலையைச் சுற்றி நடந்து முடித்த நாலு பேர் சட்டை முதுகோடு ஒட்ட, காலைத் தேய்த்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார்கள். வேலூர் போக வேண்டும் என்றார்கள். இவர் அவர்களுடைய முதுகைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேர்வை ஜாஸ்தியா இருக்குதே."

"அதுக்கு இன்னா பண்றது? இப்பதான் நடந்து முடிச்சோம்."

"இன்னொரு சுத்து நடந்துட்டு வாங்க. காத்துல காஞ்சிடும். நான் இங்கயேதான் இருப்பேன்."

அவர்கள் கோபிக்கக்கூடத் தெம்பில்லாமல் வேறு வண்டியில் ஏறிப்போனார்கள். இவருக்கு அன்றைக்கு முழுக்க நல்ல மனநிலை.

இன்னொரு முறை ஒரு கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு இவர் வண்டி. மாப்பிள்ளை கழுத்திலும் கையிலும் சந்தனம் பூசியிருந்தார்கள். வீட்டிலிருந்து மண்டபம் வரை, "சாயாதீங்க மாப்ள சார், சந்தனம். அந்தப் பக்கமும் சாயாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை நட்டுவைத்த கம்பம் மாதிரி வந்து இறங்கினார். பெண் வீட்டுக்காரர்கள், பையனுக்கு என்ன ஒரு கம்பீரம் என்று பேசிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நான் மெட்ராஸில் தோல் பதனிடும் தொழிலில் டிப்ளமா முடித்துவிட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, வீட்டில் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராத கலை. தபால்காரர் வருவதற்கு முன்னால் வாசலுக்கும், அவர் போன பிறகு கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பேன். அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதினார்; வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பேர் அது. 'பொண்ணு என்ன படிச்சிருக்கு' என்று கேட்பவர்களிடம் அம்மா, "கெமிஸ்ட்ரி மாதிரி ஒண்ணு" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள். தோல் என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தம் பேச வந்தவர்கள் காபியைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்பது அவள் அனுபவம்.

என் படிப்பை முதன்முதலில் மரியாதையோடு சொன்னவர் உக்காராதே மாமாதான்.

"பாப்பா, நீ தோலு படிச்சியாமே" என்று கையில் ஒரு தகர டப்பாவோடு வந்தார். வெள்ளைக்காரர் வண்டியோடு கொடுத்துவிட்டுப் போன பாலிஷ். இத்தனை வருஷம் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் தடவி, இப்போது அடியில் ஒருமுறை வழித்தெடுக்கிற அளவு மட்டும் மிச்சம். "இது தீரப் போவுது. இதுல இன்னா இருக்குதுனு கண்டுபிடிச்சி சொல்லு. அதே மாதிரி செஞ்சிக்கலாம்."

முகர்ந்தேன். மூன்று வருஷம் படித்த மூக்கு. "தேன்மெழுகு இருக்கு மாமா. அதோட இந்த எண்ணெய் இருக்கே, மாட்டுக் காலை வேக வெச்சி எடுக்கறது. தோலுக்கு ரொம்ப நல்லது."

அவர் டப்பாவை வாங்கி மெதுவாக மூடினார். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"உங்க அத்தைகிட்ட இத சொல்லிட்டியா?"

"இல்லையே."

"சொல்லாத. ஏற்கெனவே மாட்டு மேல உக்காரச் சொல்றேன்னு இருக்கா. இதுல மாட்டு மேல மாட்டத் தடவறேன்னு தெரிஞ்சா நான் ஸ்டாண்டுலதான் குடியிருக்கணும்."

பத்மாவதி அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் ஜைனக் குடும்பத்துப் பெண். இவர் பக்கத்து ஊர் விவசாயி வீட்டுப் பையன், ஜைனர் இல்லை. அந்தக் காலத்தில் இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் பிறந்த வீட்டு வாசலை அத்தை மிதித்ததில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் மாமா ஒவ்வொன்றாக விட்டார். கறி, முட்டை, பீடி. ஜைனர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள், இருட்டில் ஏதாவது உயிர் உணவோடு போய்விடுமே என்று. அதையும் பிடித்துக்கொண்டார். சவாரி விழுப்புரத்துக்குப் போகட்டும், செங்கத்துக்குப் போகட்டும், மேற்கே சிவக்கத் தொடங்கினால் வண்டி புளியமரத்தடியில் நின்றுவிடும். இவர் தூக்குச்சட்டியைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவார். சவாரி வெளியே நிற்கும். அந்த நேரத்துக்கு மட்டும் உள்ளே இருந்தால் பசியில் எதையாவது தின்று சிந்திவிடும் என்று இறக்கிவிட்டுவிடுவார்.

இத்தனையும் விட்டவரால் அந்தச் சீட்டை விட முடியவில்லை. அத்தையால் அதில் உட்கார முடியவில்லை.

ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்காரர் மணி தினம் ஒரு யோசனை சொல்வார். "தோலக் கிழிச்சிப் போட்டுட்டு ரெக்சின் தச்சிக்கயேன். ஒரு நாள் வேலப்பா."

"கிழிச்சிக் குப்பையில போடவா? அது ஒரு தடவ செத்தது பத்தாதா?"

"அப்ப மேல ஒரு துணி விரிச்சி வுடு."

அந்த யோசனையை வீட்டில் சொன்னதற்கு அத்தையின் பதில் தெருவுக்கே தெரியும். "துணி போட்டா கீழ இருக்கறது எங்க போவும்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாமா கண்டுபிடித்த வழிதான் அந்தப் பெயருக்குக் காரணம். தோலை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அதன் மேல் யாரும் உட்காரக் கூடாது. கேட்பதற்கு அழகான தீர்வு. டாக்ஸி ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் கஷ்டம்.

நான் அவருக்கு வேறு பக்குவம் சொல்லிக்கொடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாகச் சோப்பு கரைத்து, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். தையலில் தண்ணீர் நிற்கக் கூடாது. நிழலில் உலர வேண்டும். பிறகு விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு, சீட்டில் விடாமல், வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும்.

"ரெண்டு சொட்டா? இவ்ளோ பெரிய சீட்டுக்கா? ஏம்மா, விருந்தாளிக்கு ரெண்டு சொட்டு மோர் ஊத்துவியா?"

"ஜாஸ்தி விட்டா வெளியவே பிசுபிசுன்னு நிக்கும் மாமா. கம்மியா விட்டாதான் உள்ள இறங்கும்."

அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த 'கம்மி' அவர் மனதில் இறங்கவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

ஐப்பசி மழையில் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. வந்து வாசலில் நின்றார்.

"பாப்பா, பூஞ்சைக்கு உசுரு உண்டா?"

புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "உண்டு மாமா."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அம்மா பிறகு சொன்னாள். அடுத்த வாரம் முழுக்க அவர் வண்டியின் நாலு கதவையும் திறந்து போட்டு, பூஞ்சை தானாக மனம் மாறிப் போகட்டும் என்று உள்ளே விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். வெயில் வந்த பிறகு, தொட்டுப் பார்த்து, "போயிடுச்சி. நான் ஒண்ணும் பண்ணல" என்று எதிர்வீட்டு வாசலுக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய கூத்து, போளூர் பஸ். அத்தை மாதம் ஒருமுறை போளூர்ப் பக்கம் ஜைனக் கோயிலுக்குப் போவார். போவது டவுன் பஸ்ஸில். பின்னாலேயே காலி டாக்ஸியில் மாமா. அத்தையின் கூடை மட்டும் டாக்ஸி டிக்கியில். டிக்கியில் தோல் இல்லை, அதனால் அதற்கு ஆட்சேபம் இல்லை. ஒருமுறை நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். பின்னால் ஹாரன் சத்தம் தாங்கவில்லை. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"யம்மா, உங்க வீட்டுக்காரரு என்னமோ கேக்கறாரு."

"ஜன்னலோரம் எடம் கெடைச்சிச்சானு கேப்பாரு. கெடைச்சிச்சினு சொல்லுங்க."

கண்டக்டர் தொங்கிக் கத்தினார். மறுபடியும் ஹாரன்.

"இப்ப இன்னாவாம்?"

"வெயில் அடிக்குதானு கேப்பாரு. இல்லைனு சொல்லிடுங்க."

"யம்மா, நான் டிக்கெட் கிழிக்கவா, உங்களுக்குத் தந்தி ஆபீஸ் நடத்தவா?" என்றார் கண்டக்டர். என்றாலும் தொங்கினார். பஸ் முழுக்க அவருக்கு உதவியாகக் கத்தியது. போளூர் வருகிற வரை அந்தப் பஸ்ஸில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் அத்தையின் அண்ணன் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு பத்திரிகை. அவர் மகளுக்குக் கல்யாணம், தீபம் முடிந்த வாரம். முதல் பஸ்ஸில் போன தங்கை வீட்டுக்கு முதன்முதலாக வருகிறார். திறந்திருந்த ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்கு எல்லாம் கேட்டது. அவர் பேசியது பூராவும் தங்கையிடம்தான். மாமாவை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. மாமா இரண்டு துணியையும் மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டு நின்றார். போகும்போது அண்ணன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இது உங்களுதா?"

"ஆமாண்ணா" என்றார் அத்தை.

"அப்ப இதுலயே வந்துடு. ஊர்ல பாக்கட்டும்."

அவர் போனதும் அத்தை கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினார். மாமா துடைத்த சீட்டையே மறுபடி துடைத்தார். கடைசியில் அத்தைதான் பேசினார். "நான் பஸ்லயே வந்துடறேன். நீங்க பின்னாடி வாங்க."

மாமா என்னிடம் வந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"பஸ்ல வந்து எறங்கினா இன்னா சொல்வாங்க தெரியுமா? பஸ்ல போனா, பஸ்லயே வந்துட்டானு சொல்வாங்க. இவ்ளோ வருஷத்துல அவன் ஒரு கார் கதவு தொறந்து வுட்டானானு கேப்பாங்க. என்னக் கேட்டா பரவால்ல. அவளதான் கேப்பாங்க."

"ரெக்சின் போட்டுடலாமா மாமா?"

முடிவெடுக்க முடியாத மனுஷர் என்னதான் செய்வார்? மேலும் துடைப்பார். அதைத்தான் செய்தார்.

அதற்குள் எனக்கு ராணிப்பேட்டையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தீபத்தன்று கிளம்பிப் போய், சித்தி வீட்டில் தங்கி, தேர்வை முடித்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தெருவில் திரும்பும்போதே எதிர்வீட்டுக்கு முன்னால் கூட்டம். காற்றில் நெய் மணம். தீப வாரத்தில் ஊரே நெய் மணப்பது வழக்கம்தான். இது வழக்கத்துக்கு மிஞ்சியது.

மாமா வண்டியின் பின்கதவருகே கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். மாதுளை நிறச் சீட் கறுப்பாக இருந்தது. கறுப்பு நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு.

"மாமா, இன்னா போட்டீங்க?"

"நெய்யி." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "மலை மேல சாமிக்கு எரிக்கற நெய், சீட்டுக்கு ஆவாதா? அதப் பூசினா சுத்தமாயிடும், அவ உக்காருவானு பாத்தேன்."

"எத்தனை சொட்டு?"

"ஒரு டின்னு."

என் படிப்பில் இதற்கு மருந்து இல்லை. சீட்டுக்குள், தையல் வழியாக, தேங்காய் நார் வரைக்கும் நெய் இறங்கியிருந்தது. எறும்பும் இறங்கியிருந்தது. பார்க்கப்போனால், இரண்டு நாளில் அது ஒரு ஊராகவே ஆகிவிட்டிருந்தது.

மணி கையில் எறும்பு மருந்துப் பொட்டலத்தோடு வந்தார். "நவுரு. ஒரு புடி தூவினா அஞ்சி நிமிஷத்துல க்ளீன்."

"தூவாதப்பா."

"எறும்புக்கா பாக்கறே?"

"எறும்புக்குப் பாக்காம? ஒரு எறும்பு இதுல செத்தாலும் அவ இந்த வண்டியத் திரும்பிப் பாக்கமாட்டா. கல்யாணத்துக்குப் போற வண்டி இது."

"போற வண்டிதான். ஆளு ஏறாத வண்டி" என்றார் மணி. யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. உலர்ந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துணி சீட்டைத் தவிர வேறு எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது அத்தை வெளியே வந்தார். ஒரு கையில் வெல்லக்கட்டி. இன்னொரு கையில் மயில்பீலிக் கட்டு. ஜைனச் சாமியார்கள் உட்காரும் இடத்தில் உள்ள சிறு உயிர்களை நோகாமல் தள்ளிவிட வைத்திருப்பது போன்றது. கூட்டம் தானாக விலகியது. இத்தனை வருஷம் கதவுப் பிடியைக்கூடத் தொடாத அத்தை, வண்டிக்குள் குனிந்து, சீட்டின் ஓரத்தைப் பீலியால் தடவி எறும்புகளை ஒதுக்கினார். இடது உள்ளங்கையைத் தோலின் மேல் ஊன்றிக்கொண்டிருந்தார். அதை அவர் கவனித்தாரோ என்னவோ. மாமா கவனித்தார்.

கொஞ்ச நேரம் தடவிவிட்டு அத்தை நிமிர்ந்தார்.

"உள்ள நெறைய இருக்குது. இன்னிக்கி போவாது. சீட்டக் கழட்டி வேப்பமரத்தடியில வெச்சிடுங்க. வெல்லம் பக்கத்துல வெக்கறேன். அதுங்களா எறங்கிப் போவட்டும்."

"சீட்டக் கழட்டிட்டா நீ எதுல உக்காருவ?"

"பாயில."

ரெக்சின் போடு, துணி போடு என்று வருஷக்கணக்கில் யோசனை சொன்ன அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இத மின்னயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மாமா.

"உக்காரு, உக்காருனுதான் கெஞ்சினீங்க. எதுல உக்காருவேனு என்னிக்காச்சும் கேட்டீங்களா?"

போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. என்னிடமிருந்த விளக்கெண்ணெய் கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது. இம்முறை மாமா இரண்டு சொட்டுதான் விட்டார். சாயும் பகுதியையும் சேர்த்துக் கழற்றி, மணியும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "ஆட்டாதீங்க, உள்ள ஆளு இருக்குது" என்று மாமா கூடவே ஓடிவர, ஒரு சாமி புறப்பாடு மாதிரி சீட் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பட்டுப்புடவையில் அத்தை உள்ளே கோரைப்பாயில் உட்கார்ந்து பார்த்தார். வெளியிலிருந்து தலையில் வைத்த பூ மட்டும் தெரிந்தது.

"ஊருக்குப் போனா பூதான் வந்திருக்குதுனு சொல்வாங்க" என்றார் மணி.

அப்பா மண்டிக்குப் போய், ராத்திரிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி, இரண்டு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்தார். உள்ளே இறக்கி, மேலே பாயை விரித்தோம். அத்தை ஏறி உட்கார்ந்தார். இப்போது முகம் ஜன்னலுக்கு நேராக வந்தது. என்னை முன்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார் மாமா, சாக்கு விரித்த பிறகு. வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் மல்லாட்டை நறநறவென்று உடைந்தது. ஒவ்வொரு நறநறவுக்கும் மாமா கண்ணாடியில் பார்த்தார். "சௌரியமா இருக்குதா?" என்று கேட்டார். கேட்பதற்குக் கண்டக்டர் தேவைப்படாதது அவருக்கே புதுசாக இருந்திருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹாரனும் அடித்துக்கொண்டார்.

ஊருக்குள் பந்தலடியில் வண்டி நின்றது. மாமா ஓடிவந்து பின்கதவைத் திறந்து நின்றார். மறைத்துக்கொண்டு நிற்காமல் அவர் பின்கதவருகே நின்று அன்றுதான் பார்த்தேன். அத்தை இறங்கினார். பெண்கள் கூடி முகத்தைப் பார்த்தார்கள், புடவையைப் பார்த்தார்கள். ஒரு வயசான பெரியம்மா வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"அடியே, மூட்ட மேல உக்காந்து வந்திருக்கா. உக்கார எடமில்லாத அளவுக்கு சீர் கொண்டாந்திருக்காங்கடி."

அத்தை வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஆட்கள் மூட்டைகளைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. மண்டிக்காரரின் முகம் அதற்கப்புறம் வந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் அண்ணன் பந்தலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நேராக வந்து மாமாவின் கையைப் பிடித்தார்.

"வாங்க மாப்ள."

மாமா இடது தோளைத் தொட்டார், வலது தோளைத் தொட்டார். இரண்டு துணியும் இல்லை. கல்யாணத்துக்கென்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

திரும்பும்போது அண்ணன் பதிலுக்கு இரண்டு மூட்டை நெல் ஏற்றிவிட்டார். அதனால் அத்தைக்கு ஆசனமும், அப்பாவுக்கு மண்டியில் சொல்ல ஒரு பதிலும் கிடைத்தன. மேற்கே சிவக்கத் தொடங்கியதும் மாமா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். கல்யாண வீட்டுப் பலகாரத்தை இருவரும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டார்கள். எதிரே மலை கறுத்துக்கொண்டிருந்தது.

"மாப்ளனு கூப்ட்டாரு. கவனிச்சியா பாப்பா?" என்றார் என்னிடம்.

"கவனிச்சேன் மாமா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். ஊர் வந்து சேருகிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எறும்புகள் தங்கள் சௌகரியப்படி இறங்கிப் போயின. நான் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி நெய்யை உறிஞ்ச வைத்து, துடைத்து, சீட்டை ஒருவாறு மீட்டேன். ஆனால் அது வண்டிக்குத் திரும்பவில்லை. "வண்டில பின்னாடி இனிமே அவ எடம்" என்று மாமா பின்பக்கம் பாயும் மெத்தையும் நிரந்தரமாகப் போட்டுவிட்டார். ஒரு குடும்பமே சம்மணம் போட்டு உட்காரலாம் என்பதால் சவாரி கூடியது. யார் வேண்டுமானாலும் ஏறினார்கள், முறுக்கோடுகூட. பெயர் மட்டும் மாறவில்லை.

சீட்டை எங்கே வைப்பது? அத்தை வீட்டுக்குள் முடியாது. தோல் படித்த பெண் இருக்கிற வீடு என்று எங்கள் கூடத்துக்கு வந்தது. மாமா தினமும் வந்து துடைத்தார். ஒருநாள் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பா அதை நோக்கி நடந்தபோது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து "உக்காராதீங்க" என்று ஒரு குரல் வந்தது. அவர் உட்காரவில்லை. அந்தச் சம்பந்தமும் உட்காரவில்லை. அம்மா மாமாவோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் பேசினேன்.

எனக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. லீவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு பௌர்ணமிக்கு வந்தபோது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா கூடத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நின்னுக்கினே வந்தியா?"

"ராணிப்பேட்டைலேர்ந்து, மாமா."

அவர் என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். துணியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"சாவி கீவி வெச்சிருக்கியா?"

"இல்ல."

"எண்ண தேச்சிக் குளிச்சியா?"

"இல்ல மாமா."

"சரி. உக்காரு. ஓரமா."

நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அரைத்தூக்கத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதும், வாசலில் அவர் அடக்கிய குரலில் சொல்வதும் கேட்டன.

"எழுப்பாதீங்கக்கா. இருக்கட்டும். பள்ளம் அப்புறமா ரொம்பிக்கும்."